ஜெனோவாக்காரரின் இரண்டாவது பானை

பார்க்காததைச் சொல்ல அவருக்கு வராது. இதைப் புரிந்துகொள்ளவே எனக்குப் பல வருஷம் பிடித்தது. அதுவரை, வாயைத் திறக்கச் சோம்பல்படுகிற மனிதர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். "மழை வருமா ணா?" என்று கேட்டால் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேகம் இருக்குது" என்பார்.

"அது எனக்கும் தெரியுது ணா. வருமா, வராதா?"

"வந்தா சொல்றேன்."

இப்படிப்பட்டவரோடு எவ்வளவு நேரம்தான் பேச முடியும், சொல்லுங்கள்.

ஆம்பூரில் நான் வேலை பார்த்த அதே தோல் பதனிடுகிற ஷாப்பில் அவர் செலக்டர். பதப்படுத்திய தோல்களை மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, தரம் பிரிக்கிற வேலை. நான் ஏற்றுமதிப் பிரிவில் டைப்பிஸ்ட். தரம் எழுதிவர அவரிடம் போனால், "இதுல முள்ளு கீறல் இருக்குது" என்பார். நான் சும்மா இருக்க மாட்டாமல், "ஆட்ட மேய்ச்சவன் சரியில்ல போல" என்பேன். உடனே நிமிர்ந்து பார்ப்பார். "அவன நீ பாத்தியா?" ஒரு பேச்சுக்குச் சொன்னதற்கெல்லாம் சாட்சி கேட்டால் மனுஷனுக்கு எரிச்சல் வராதா? எனக்கு வந்தது.

ஆனால் எங்கள் தெருவுக்கு வாய்த்த ஒரே வெளிநாட்டுக்காரர் அவர்தான். எழுபதுகளின் நடுவில், முதலாளி பாய் அவர் கையில் ஒரு கட்டு மாதிரித் தோல்களைக் கொடுத்து, இத்தாலியில் ஜெனோவா என்ற துறைமுகப் பட்டணத்துக்கு அனுப்பினார். போனவர் நினைத்ததைவிடத் தாமதமாக, இளைத்துப்போய், முகத்தில் நாலைந்து தழும்போடு திரும்பி வந்தார். அன்றிலிருந்து அவருக்கு ஜெனோவாக்காரர் என்று பெயர். ஸ்டேஷனில் ஜட்கா ஏறி "ஜெனோவா வீடு" என்றால் கொண்டுபோய் விடுவார்கள்.

ஷாப்பு வாசலில் டீக்கடை வைத்திருந்த பாய்க்கு, இந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்கக் கேட்கத் தீராது. நாங்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்துகொள்வோம்.

"ஊரு எப்படி இருக்குது?"

"மலைமேல இருக்குது. கீழ கடல். வீடுங்க மஞ்சளா, செவப்பா, ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏறி நிக்குது. எல்லா ஜன்னலுக்கும் பச்சைக் கதவு. காலைல தொறந்து துணி காயப் போடுவாங்க."

"ஜனங்க?"

"சின்னதா இருப்பாங்க."

"குள்ளமா?"

"நான் பாத்தவங்க சின்னதா இருந்தாங்க."

டீக்கடை பாய் இதை எல்லாருக்கும் எடுத்துச் சொன்னார். இத்தாலிக்காரன் குள்ளம். கொஞ்ச காலம் கழித்து ஒரு இத்தாலிக்காரர் தோல் வாங்க வந்தார். ஷாப்பு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தார். ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். "இவன் வேற ஜில்லாக்காரனா இருப்பான்" என்று பாய் சமாளித்தார்.

"சாப்பாடு எப்படி?"

"தட்டுல வெச்சு ரூமுக்குக் கொண்டாந்து குடுப்பாங்க."

"பாத்தியா, இன்னா மரியாதை! பொம்பளைங்க?"

"வெள்ளைத் துணிதான் உடுத்துவாங்க. மூக்கு வாய மூடிக்குவாங்க. கண்ணு மட்டும் தெரியும்."

"அரே, நம்ம வூட்டுப் பொம்பளைங்க மாதிரியா!" பாய்க்கு அன்று அப்படியொரு சந்தோஷம். எல்லாருக்கும் டீ அவர் கணக்கில்.

முகத்துத் தழும்பைப் பற்றியும் யாரோ கேட்டார்கள். "தழும்பு" என்றார். பனியில் தோல் வெடித்திருக்கும் என்று பாயே காரணம் சொல்லி முடித்தார். இப்படித்தான் அந்த ஜெனோவா வளர்ந்தது. அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவருக்காக நாங்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆடி மாதக் கூழ்தான் பெரிய சங்கடம். எங்கள் தெரு அம்மன் கோயிலில் வீட்டுக்கு ஒரு பானைக் கேழ்வரகுக் கூழ் கொண்டுபோய் வைத்து, படைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றுவது வழக்கம். ஜெனோவாவிலிருந்து வந்த வருஷம் முதல் அவர் இரண்டு பானை வைக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணு எங்க வீட்டுக்கு. இன்னொண்ணு ஒருத்தருக்கு."

"யாருக்கு ணா?"

"தெரியல."

இது ஒரு பதிலா? தெரு சும்மா இருக்குமா? இரண்டாவது பானை என்றால் இரண்டாவது வீடுதான் என்று பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். வாணியம்பாடியில் ஒருத்தி என்றார்கள். அப்புறம் அவளை ஜெனோவாவுக்கே மாற்றினார்கள். வெள்ளைத் துணி உடுத்தி, வாயை மூடிக்கொண்டு, தட்டில் சோறு கொண்டுவந்தவள். அவர் மனைவிக்கு, எங்களுக்கெல்லாம் அண்ணிக்கு, இதெல்லாம் காதில் விழாமல் இருக்குமா? அவங்க வாய் எங்கள் தெருவில் பேர்போன வாய். ஒரு ஆடியில் கோயில் வாசலிலேயே, எல்லாரும் பார்க்க, "எம் பானைய நான் தூக்கறேன். அந்தப் பானைய அவளே வந்து தூக்கட்டும்" என்று கையை உதறிவிட்டுப் போனாங்க. இரண்டாவது பானையை அவரே தலையில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார். அதன்பிறகு வருஷா வருஷம் அப்படித்தான் நடந்தது. ஆடி முழுக்க அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இருக்காது.

எண்பதுகளில் முதலாளி பாய் காலமாகி, அவர் மகன் பொறுப்புக்கு வந்தார். மறுபடியும் ஜெனோவாவுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. முதலில் அவரைத்தான் கேட்டார்கள். "நான் பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டார். எனக்கு இங்கிலீஷ் வரும் என்பதால் சீட்டு என் பக்கம் விழுந்தது.

என்னை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்தவர், பிளாட்பாரத்தின் கடைசிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ரயில் லேட். தண்டவாளத்தைப் பார்த்தபடி, "தம்பி, அங்க எனக்கு ஆத்தா வந்துட்டா" என்றார்.

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. அப்புறம் அந்தத் தழும்புகளைப் பார்த்தேன். அம்மை!

"பிளேன்லயே காய்ச்சல். அந்த ஊரு ஸ்டேஷன்ல எறங்கறப்ப நெஞ்சுல முத்து முத்தா இருந்திச்சு. அம்மையோட செருப்பு போடக் கூடாதுல்ல? ஷூவக் கழட்டிட்டேன்."

"பிளாட்பாரத்துலயா? அந்தக் குளிர்லயா?"

"குளிரு இருந்திச்சு."

அவரை அழைத்துப்போக, எங்கள் ஷாப்புக்கு அங்கே இருந்த ஏஜெண்டின் ஆள் வந்திருக்கிறார். கை கொடுக்க நீட்டியிருக்கிறார். இவர் தொடாமல் பின்னால் தள்ளிப்போய்க் கும்பிட்டிருக்கிறார். ஹோட்டல் வாசலிலும் உள்ளே வர மாட்டேன் என்று நின்றிருக்கிறார். அம்மையோடு அடுத்தவர் வீட்டுக்குள் போகலாமா? ஷூவுக்குத் தோல் விற்க வந்த மனிதர் வெறுங்காலோடு நடுத்தெருவில் நிற்கிறார், கிட்டே போனால் விலகுகிறார். பைத்தியம் என்று நினைத்து டாக்டரைக் கூப்பிட, டாக்டர் சட்டையைத் திறந்து பார்த்திருக்கிறார். இந்தியாவிலிருந்து வந்தவர், உடம்பெல்லாம் கொப்புளம். பெரியம்மை என்று பட்டணமே பதறிப் போயிற்று. மலைமேல் ஓர் ஆஸ்பத்திரியில் தனி ரூமில் போட்டுப் பூட்டினார்கள். வெறும் சின்னம்மை என்று தெரிந்த பிறகும், கடைசிக் கொப்புளம் காயும்வரை விடவில்லை. பிறகு நேராகக் கூட்டிப்போய்ப் பிளேன் ஏற்றிவிட்டார்கள்.

"அப்ப ஊர நீங்க பாக்கவே இல்லியா?"

"பாத்தனே. ஜன்னல் இருந்திச்சு."

மேலே இருந்து பார்த்தால் யாராக இருந்தாலும் சின்னதாகத்தான் தெரிவார்கள். வாயை மூடிய பெண்கள், தட்டில் வந்த சாப்பாடு, எல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"வேப்பிலை வேணும்னு நர்சம்மாகிட்ட கையால காட்டிக் காட்டிக் கேட்டேன். அவங்களும் பாவம், எங்கயோ போய் ஒரு கொத்து எலை ஒடிச்சிக்கிட்டு வந்து குடுத்தாங்க. பிரியாணில போடற பிரிஞ்சி எலை."

"அய்யய்யோ! இன்னா பண்ணீங்க?"

"அதுமேலதான் படுத்தேன். ஆத்தா ஒண்ணும் கோச்சிக்கல."

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். முதலாளி பாய் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆம்பூர் தோலோடு அம்மையும் வருகிறது என்று ஒருவன் வாய் தவறிச் சொன்னால் போதும், வியாபாரம் போச்சு, அத்தனை குடும்பமும் தெருவுக்கு வந்துவிடும், வீட்டில்கூட மூச்சு விடாதே என்று. இவரும் விடவில்லை.

"இப்ப அவரும் போய்ட்டாரு. நீ அங்கதான் போற. உன்னாண்டதான் கேக்க முடியும்." ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "அந்த ரூமு ஜன்னலுக்கு எதிர்ல ஒரு மஞ்ச வீடு. மேல் மாடில வரிசையா ஜன்னலுங்க. காலைல எல்லாம் தொறப்பாங்க, ஒண்ணு மட்டும் தொறக்காது. கதவு ஒரு விரக்கடை ஒருக்களிச்சு இருக்கும். காத்தடிச்சாலும் அசையாது. உள்ள இருட்டு. நம்ம ஊர்ல அம்மை கண்டவங்கள அப்படித்தான வெப்பாங்க, வெளிச்சம் படாம?"

"ஆமா ணா."

"அங்கயும் யாருக்கோ வந்திருக்குதுன்னு நெனச்சேன். நெனச்சதுதான், பாக்கல. ஆனா தெனம் காலைல எழுந்து அந்தப் பக்கம் பாத்து ஒரு கும்புடு போடுவேன். பாஷை தெரியாத ஊரு. என்னத் தொட பயந்து கையுறை போட்டுக்கினுதான் வருவாங்க. அந்த ஜன்னல் ஒண்ணுதான் எனக்குத் தொணை. நான் கெளம்பற அன்னிக்கும் அது தொறக்கல. எனக்கு அம்மை எறங்கித் தண்ணி ஊத்தியாச்சு, அவங்களுக்கு இன்னும் ஊத்தலியேன்னு மனசு கேக்கல. அவங்களுக்கும் சேத்து நான் கூழ் ஊத்தறேன் தாயேன்னு வேண்டிக்கினேன்."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ரயில் வந்துவிட்டது. நான் ஏறிய பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அங்க யாரு இருந்தாங்க, பொழச்சாங்களான்னு கேட்டுக்கினு வா. நீயா எதையும் சேக்காத" என்றார்.

மிலானிலிருந்து ஜெனோவாவுக்கு ரயிலில் போனேன். கடலைப் பார்க்க வேண்டும் என்று ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தால், குகை குகையாக வந்துகொண்டிருந்தது. ஒரு குகை முடிந்து வெளிச்சம் வந்து, இதோ கடல் என்று நிமிர்வதற்குள் அடுத்த குகை. கடைசியில் கடல் தெரிந்தபோது மணலைக் காணோம். மெட்ராஸ் மெரினாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கடலாகவே படவில்லை. கரை முழுக்க கிரேன்கள், கப்பல்கள், எண்ணெய் மிதக்கிற தண்ணீர். கால் நனைக்க எங்கே இறங்குவது என்று ஏஜெண்டின் ஆளைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஊருக்குள் தெரு என்பது இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. இரண்டு பக்கமும் ஆறேழு மாடி. தலைக்கு மேலே துணிகள் காய்கின்றன, நடுப்பகலில் கடைகளில் விளக்கு எரிகிறது. மீனும், சுட்ட ரொட்டியும், துளசியைப் போன்ற ஒரு இலையும் சேர்ந்த வாசனை. யாரும் குள்ளம் இல்லை. பெண்கள் யாரும் வாயை மூடவில்லை, மூடுகிற உத்தேசமும் தெரியவில்லை. மீன் விற்கிற அம்மாவும் ரொட்டி விற்கிறவரும் சந்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகக் கத்திப் பேசிக்கொண்டது மட்டும் எனக்கு ஆம்பூர் பஜாரை நினைவுபடுத்தியது. மேட்டுத் தெருவுக்குப் போக லிப்ட் வைத்திருக்கிறார்கள்! வீட்டுக்கு அல்ல, தெருவுக்கு. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, பையும் கையுமாக நாலு பாட்டிமாரோடு நின்றால், கதவு திறக்கும்போது வேறொரு தெருவில் இருக்கிறோம். இதை ஊரில் சொன்னால் டீக்கடை பாய்கூட நம்ப மாட்டார் என்று நினைத்தேன். நம்பவும் இல்லை.

அவர் சொன்ன ஊர் மட்டும் கீழே எங்கேயும் இல்லை. வேலை முடிந்த மறுநாள், ஏஜெண்டின் ஆளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்கு ஏறினேன். கெண்டைக்கால் கழன்றுவிடும் போல ஏற்றம். தனி ரூம்கள் இருந்த பக்கத்தை மூடிவிட்டார்களாம். காவல் பார்க்கிற அம்மாளிடம் ஏஜெண்டின் ஆள் பேசி, சாவி வாங்கி, என்னை அந்த ரூமுக்குள் விட்டார். ஜன்னலைத் திறந்தேன். அடேயப்பா! அவர் சொன்ன ஜெனோவா முழுக்க அங்கே இருந்தது. மலை, கீழே கடல், மஞ்சளும் சிவப்புமாக ஏறி நிற்கிற வீடுகள், பச்சைக் கதவுகள், எறும்பாக ஊர்கிற ஜனங்கள். எதிரே அந்த மஞ்சள் வீடு. மேல் மாடியில் ஒரு ஜன்னல் மட்டும் மூடியிருந்தது. கதவு ஒரு விரக்கடை ஒருக்களித்து, உள்ளே இருட்டு. இத்தனை வருஷத்துக்குப் பிறகும்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஏஜெண்டின் ஆளிடம் காட்டி, அங்கே யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கச் சொன்னேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அது ஜன்னல் இல்லையாம். சுவரில் வரைந்த படமாம். அந்த ஊரில் அது வழக்கம். வரிசையில் ஒரு ஜன்னல் வர வேண்டிய இடத்தில் வைக்க முடியாமல் போனால், அழகு கெடக் கூடாது என்று அதையும் கதவும் நிழலுமாக வரைந்து வைத்துவிடுவார்கள்.

நான் நம்பவில்லை. அவரை இழுத்துக்கொண்டு கீழே இறங்கி, எதிர் வீட்டு மாடி ஏறினேன். ஒரு கிழவி கதவைத் திறந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வாருங்கள் என்று உள்ளே கூட்டிப்போய், அந்த இடத்தைக் காட்டினாள். சுவர். அதை ஒட்டி ஒரு துணி அலமாரி. அந்த அறையில் யாருக்காவது எப்போதாவது உடம்பு சரியில்லாமல் இருந்ததா என்று கேட்கச் சொன்னேன். அங்கே யாருமே படுத்ததில்லை, துணி வைக்கிற அறை என்றாள். நான் அலமாரிக்குப் பக்கத்தில் கையை விட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. ஏஜெண்டின் ஆள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவரை அறைய வேண்டும் போல இருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே பேஜார். அவர் கேட்கத்தான் போகிறார். என்ன சொல்வது? ஒரு பெரியவர் இருந்தார், குணமாகிவிட்டார் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவரும் ஒரு பானையோடு நிறுத்திக்கொள்வார், அண்ணிக்கும் நிம்மதி. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். எப்படி இருந்தார், தாடி இருந்ததா, நீ பாத்தியா என்று கேட்பார்.

ஊர் திரும்பி ஷாப்புக்குப் போன முதல் நாளே அவருடைய மேசைக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். தோலைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன் ணா. சொவருதான்."

அவர் அந்தத் தோலை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "அப்ப அங்க நான் மட்டுந்தான் இருந்தனா?" என்றார்.

அவர் அடுத்த தோலை எடுத்து விரித்தார். அன்றும், அதற்குப் பிறகு பல நாளும் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எப்போதும் பேசாதவர் என்பதால், அதை என்னைத் தவிர ஷாப்பில் யாரும் கவனிக்கவில்லை.

ஆடி வந்தது. கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போனேன். இந்த வருஷம் ஒரு பானைதான் வரும், அதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இருக்குமா என்று பயமாக இருந்தது. முதலில் அவர் வந்தார், தலையில் ஒரு பானையோடு. பின்னாலேயே அண்ணி வந்தாங்க. அவங்க தலையிலும் ஒரு பானை. தெருப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

அண்ணி பானையை இறக்கிவிட்டு, என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாங்க. ஒரு சொம்பு மொண்டு என் கையில் கொடுத்தாங்க. "எல்லாம் சொல்ட்டாரு" என்றாங்க மெதுவாக.

"அது வெறும் சொவரு அண்ணி" என்றேன்.

"இருக்கட்டுமே! அத்தினி நாளு எம் புருசனத் தனியா உடாம கூட இருந்திச்சில்ல? சொவரா இருந்தா இன்னா? நான் இங்க அதத் திட்டாத திட்டு இல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாங்க. "குடி, குடி. வெங்காயம் கடிச்சிக்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க அவர் பக்கம் திரும்பி, "கூழ் எப்படி ணா இருக்குது?" என்று கேட்டேன்.

அவர் இரண்டாவது பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, கடைசிவரை நிதானமாகக் குடித்தார்.

"உப்பு கம்மி" என்றார்.